கைக்கு எட்டாமல் போன அமெரிக்கப் படங்கள்: வாசகர் கேள்வி – பதில்

அமெரிக்க சுயாதீன சினிமாவில் ஓரமாக ஒதுங்கிப்போன படங்களைப் பற்றியும், அவற்றுக்காக எழுத விரும்பும் விமர்சகர் செய்ய வேண்டியவை பற்றியும் வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: நல்ல படம் என்றால் என்றைக்காவது ஒருநாள் தானாகவே வெளியே தெரிந்துவிடும் என்கிறார்களே. அப்படியிருக்க, ஒரு விமர்சகர் வரிந்துகட்டிக்கொண்டு எழுத வேண்டிய அவசியம் என்ன?

தானாகத் தெரியவராது. சார்லஸ் பர்னெட்டின் ‘கில்லர் ஆஃப் ஷீப்’ படத்துக்கு நடந்ததை வரிசையாகப் பார்த்தாலே போதும். லாஸ் ஏஞ்சல்ஸின் வாட்ஸ் பகுதியில், ஆடு அறுக்கும் கூடத்தில் வேலை செய்யும் ஒருவரையும் அவர் குடும்பத்தையும் பற்றிய படம் இது. யூ.சி.எல்.ஏ. பல்கலைக்கழகத்தில் முதுகலைப் பட்டத்துக்காக, 16 மி.மீ. கறுப்பு-வெள்ளை ஃபிலிமில், பெரும்பாலும் வார இறுதிகளில், 10,000 டாலருக்கும் குறைவான செலவில் எடுத்தார். 1977இல் முடித்தார். 1981இல் பெர்லின் விழாவில் விமர்சகர் பரிசு கிடைத்தது. 1990இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் இடம்பிடித்தது. ஆனால் அமெரிக்கத் திரையரங்குகளில் அது முறையாக வெளியானது 2007இல்தான். நாட்டின் கலைச்செல்வம் என்று அரசு நூலகமே குறித்துவைத்த பிறகும் 17 ஆண்டுகள் டிக்கெட் வாங்கிப் பார்க்க வழியில்லை. பாடல்களின் உரிமையை முழுமையாக வாங்காததே காரணம். மாணவர் படத்துக்கு யாரும் அதைக் கேட்கவில்லை. வெளியீடு என்று வந்ததும் எல்லோரும் கேட்டார்கள்.

மற்றப் படங்கள் தடுமாறிய இடங்கள் வேறு. பார்பரா லோடன் இயக்கி நடித்த ‘வாண்டா’ (1970) ஏறக்குறைய 1,15,000 டாலரில், நான்கே பேர் கொண்ட குழுவோடு 16 மி.மீ.இல் எடுக்கப்பட்டது. வெனிஸ் விழாவில் பரிசு பெற்றது. அமெரிக்காவில் மிகச் சில அரங்குகளில் ஓடிவிட்டு மறைந்தது. லோடன் 1980இல் இறந்தார். இன்னொரு முழுநீளப் படம் அவர் எடுக்கவில்லை. படத்தின் மூல ரீல்கள் மூடப்படவிருந்த ஒரு லேபின் கிடங்கில் கிடந்தன. யூ.சி.எல்.ஏ. ஆவணக்காப்பகத்தைச் சேர்ந்த ராஸ் லிப்மன் அவற்றை மீட்டதால்தான் 2010இல் புதுப்பிரதி வந்தது. அந்த ரீல்கள் குப்பைக்குப் போயிருந்தால், இன்று நாம் பார்க்கும் தெளிவு எந்தக் காலத்திலும் கிடைத்திருக்காது.

மைக்கேல் ரோமரின் ‘தி பிளாட் அகைன்ஸ்ட் ஹாரி’ 1969இல் எடுக்கப்பட்ட நகைச்சுவைப் படம். வெளியீட்டுக்கு முன் போட்டுக் காட்டிய முன்காட்சியில் யாரும் சிரிக்கவில்லை. இயக்குநரே அதை மூட்டைகட்டி வைத்துவிட்டார். இருபது ஆண்டுகள் கழித்து, தன் பிள்ளைகளுக்காக அதை வீடியோவுக்கு மாற்றியபோது வேலை பார்த்த தொழில்நுட்பக்காரர் சிரித்ததைக் கண்டு மறுபடி விழாக்களுக்கு அனுப்பினார். 1989இல் டொராண்டோ, நியூயார்க் இரண்டு விழாக்களும் எடுத்துக்கொண்டன. வெண்டல் பி. ஹாரிஸின் ‘கமிலியன் ஸ்ட்ரீட்’ இதற்கு நேர்மாறு. 1990இல் சன்டான்ஸ் விழாவின் பெரும்பரிசையே வென்ற படம். ஆனால் மறு ஆக்க உரிமையை வாங்கிய பெரிய ஸ்டூடியோ மூலப்படத்தை வெளியிடவில்லை. படம் 1991இல் சிறிய அளவில் மட்டும் வந்தது. ஹாரிஸுக்கு இரண்டாவது முழுநீளப் படம் அமையவில்லை. கேத்லீன் காலின்ஸின் ‘லூசிங் கிரவுண்ட்’ (1982) திரையரங்க வெளியீடே காணவில்லை. காலின்ஸ் 1988இல், 46 வயதில் இறந்தார். லேபில் இருந்த நெகட்டிவை அவர் மகள் மீட்டெடுத்த பிறகு, 2015இல் படம் அரங்குக்கு வந்தது.

பாட்டு உரிமை, ஃபிலிமின் நிலை, முன்காட்சி, ஒப்பந்தம், மரணம் என்று ஐந்து படங்களுக்கும் ஐந்து காரணங்கள். படத்தின் தரம் இவற்றில் எதையும் தீர்மானிக்கவில்லை. அதனால்தான் இந்தத் துறையில் எழுதுகிறவர் ‘படம் எப்படி?’ என்பதோடு ‘எங்கே தடைபட்டது?’ என்பதையும் கண்டுபிடித்து எழுத வேண்டும் என்கிறோம். தடை என்னவென்று அச்சில் வந்தால்தான் அதை நீக்கக்கூடியவர் கண்ணில் படும்.

கேள்வி: பாடல் உரிமை என்று சொல்கிறீர்கள். ஒரு பழைய பாட்டுக்கு அப்படி என்ன செலவு ஆகிவிடும்?

ஒரு பாட்டுக்கு இரண்டு உரிமைகள் உண்டு. மெட்டுக்கும் வரிகளுக்குமான உரிமை ஒன்று. இது பாடலை வெளியிட்ட பதிப்பகத்திடம் இருக்கும். பாடகர் பாடிப் பதிவான அந்தக் குறிப்பிட்ட ஒலிப்பதிவின் உரிமை மற்றொன்று. இது ரெக்கார்டு நிறுவனத்திடம் இருக்கும். படத்தில் ரெக்கார்டை அப்படியே ஓடவிட்டால் இரண்டுமே வேண்டும். போதாததற்கு விழாத் திரையிடல், திரையரங்கு, தொலைக்காட்சி, டிஸ்க், இணையம் என்று தனித்தனியாகவும், இத்தனை ஆண்டு, இந்த நாடு என்று எல்லை கட்டியும் விற்பார்கள். கையில் காசில்லாத இயக்குநர் விழாவுக்கு மட்டும் மலிவாக வாங்குவார், அல்லது வாங்காமலே விடுவார். படம் பேசப்படத் தொடங்கும்போது கடை மூடியிருக்கும்.

‘கில்லர் ஆஃப் ஷீப்’ படத்தின் பாடல்களுக்கு படத்தை வெளியிட்ட மைல்ஸ்டோன் நிறுவனம் கொடுத்த தொகை 1,50,000 டாலர். படத்தின் தயாரிப்புச் செலவைப்போல் 15 மடங்குக்கும் மேல். அப்படியும் இறுதியில் வரும் டைனா வாஷிங்டனின் ஒரு பாட்டுக்கு உரிமை கிடைக்காமல், அவர் பாடிய இன்னொரு பாட்டை அங்கே வைத்துத்தான் 2007இல் வெளியிட்டார்கள். 2025இல் வந்த புதிய 4கே பிரதியில் பழைய பாட்டு திரும்பிவிட்டது. ஆகவே இறுதிக்காட்சியின் இசையைப் பற்றி எழுதுகிறவர் எந்தப் பிரதியைப் பார்த்தார் என்று சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் படிக்கிறவர் வேறொரு பாட்டைக் கேட்டுவிட்டு, விமர்சகர் தூங்கிவிட்டார் என்று நினைப்பார்.

கேள்வி: எதைச் ‘சுயாதீனப் படம்’ என்று சொல்வது? பெரிய நிறுவனங்களே இந்தப் பெயரில் படம் எடுக்கின்றனவே.

மூன்றைப் பாருங்கள். பணம் யாருடையது? கடைசி வெட்டு, அதாவது படத்தின் இறுதித் தொகுப்பை முடிவு செய்யும் அதிகாரம், யார் கையில் இருந்தது? நெகட்டிவ் இன்று யாருக்குச் சொந்தம்? மூன்றும் ஸ்டூடியோவுக்கு வெளியே என்றால் தயக்கமில்லை. கடைசி வெட்டு மட்டும் இயக்குநரிடம், மற்ற இரண்டும் ஸ்டூடியோவிடம் என்றால் அதை அப்படியே எழுதிவிடுங்கள். பெயர்ப்பலகையைவிட இந்தத் தகவல் வாசகருக்குப் பயன்படும்.

கேள்வி: இப்படிப்பட்ட படங்களுக்காக நின்ற விமர்சகர்கள் யார்? அவர்கள் என்னதான் செய்தார்கள்?

முதலில் ஜோனாஸ் மெகாஸ். லித்துவேனியாவிலிருந்து அகதியாக நியூயார்க் வந்தவர். 1950களின் நடுவில் ‘ஃபிலிம் கல்ச்சர்’ இதழைத் தொடங்கினார். 1958 முதல் ‘வில்லேஜ் வாய்ஸ்’ பத்திரிகையில் பத்தி எழுதினார். எழுதியதோடு அவர் நிற்கவில்லை. படைப்பாளிகளே நடத்தும் விநியோகக் கூட்டுறவு ஒன்றைப் பலரோடு சேர்ந்து உருவாக்கினார். 1970இல் நியூயார்க்கில் திறந்த ‘ஆந்தாலஜி ஃபிலிம் ஆர்கைவ்ஸ்’ இன்றும் இயங்குகிறது. இதழ், விநியோகம், பாதுகாப்பு என்ற மூன்று கண்ணியும் ஒருவரிடமே சேர்ந்ததால்தான் அந்தத் தலைமுறைப் படங்கள் இன்று நம்மிடம் இருக்கின்றன.

‘சிகாகோ ரீடர்’ வார இதழில் 1987 முதல் 2008 வரை எழுதிய ஜொனாதன் ரோஸன்பாமின் வழி வேறு. 1998இல் அமெரிக்கத் திரைப்பட நிறுவனம் தலைசிறந்த 100 அமெரிக்கப் படங்கள் என்று ஒரு பட்டியலை ஆரவாரமாக வெளியிட்டது. அதில் இடம்பெறாத 100 படங்களை, தரவரிசை போடாமல் அகரவரிசையில், ரோஸன்பாம் பதிலாக முன்வைத்தார். பர்னெட்டின் படம் அதில் இருந்தது. பார்வையாளருக்கு ரசனை இல்லை என்ற சமாதானத்தை அவர் ஏற்கவே இல்லை. எந்தப் படம் ஊருக்கு வர வேண்டும் என்பதை விநியோகஸ்தரும் விளம்பரத் துறையும் முன்கூட்டியே முடிவு செய்துவிட்டு, மக்கள் கேட்கவில்லை என்கிறார்கள் என்பது அவர் வாதம். அதைப் பெயரும் தேதியும் போட்டு எழுதினார்.

ரோஜர் ஈபர்ட் வெகுமக்கள் விமர்சகர். அவர் கையில் தொலைக்காட்சி இருந்தது. கார்ல் ஃபிராங்க்ளினின் ‘ஒன் ஃபால்ஸ் மூவ்’ (1992) நேராக வீடியோ கடைக்குப் போகவிருந்த படம். ஈபர்ட்டும் அவரோடு நிகழ்ச்சி நடத்திய ஜீன் சிஸ்கலும் விடாமல் பேசியதில் அரங்குகளுக்கு வந்தது. 1999இல் இல்லினாய் மாநிலத்தின் ஷாம்பெயின் நகரில், கவனிக்கப்படாத படங்களுக்கென்றே ஈபர்ட் ஒரு விழாவைத் தொடங்கினார். 1921இல் கட்டிய பெரிய அரங்கம். சின்னப் படங்களைப் பெரிய திரையில், நிறைந்த கூட்டத்தில் காட்டுவதே நோக்கம்.

பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திய ரே கார்னியையும் சொல்ல வேண்டும். இயக்குநர் ஜான் கஸாவெட்டிஸ் பற்றிய அவர் நூல்கள் இன்றும் தவிர்க்க முடியாதவை. குறியீடு, உருவகம் என்று தேடாமல், நடிகரின் குரல் ஒரு வாக்கியத்துக்குள் எத்தனை முறை மாறுகிறது, ஒருவர் பேசும்போது எதிரில் இருப்பவர் முகத்தில் என்ன ஓடுகிறது என்று பார்க்கச் சொன்னார். இந்தப் படங்களைப் பார்க்க அதுவே சரியான பயிற்சி. ஆனால் ஒருவரைத் தூக்கிப் பிடிக்க மற்ற எல்லோரையும் கீழே தள்ளும் அவர் வழக்கத்தைப் பின்பற்ற வேண்டாம். ஹிட்ச்காக்கைப் பிடித்த வாசகர் கஸாவெட்டிஸைப் பார்க்காமலே போய்விடுவார்.

கேள்வி: கஸாவெட்டிஸின் ‘ஷேடோஸ்’ படத்துக்கு இரண்டு வடிவங்கள் என்கிறார்களே, எதைப் பார்ப்பது?

நீங்கள் பார்க்கக்கூடியது 1959இல் முடிந்த இரண்டாம் வடிவத்தை மட்டுமே. முதல் வடிவம் 1958இல் நியூயார்க்கில் சிலமுறை திரையிடப்பட்டது. மெகாஸ் அதைக் கொண்டாடினார். ‘ஃபிலிம் கல்ச்சர்’ இதழின் முதல் சுயாதீனத் திரைப்பட விருது 1959 தொடக்கத்தில் அதற்குத்தான் போனது. ஆனால் பார்த்தவர்கள் பலர் குழம்பியதைக் கண்ட கஸாவெட்டிஸ், புதிய காட்சிகள் எடுத்துப் படத்தைத் திருத்தி அமைத்தார். மெகாஸ் அதை வணிகச் சமரசம் என்று சாடினார். கஸாவெட்டிஸின் பார்வையில் முதல் வடிவம் கேமரா வித்தையில் மயங்கி மனிதர்களைக் கோட்டைவிட்ட படம். பல ஆண்டுகள் தேடிய கார்னி, முதல் வடிவத்தின் பிரதி கிடைத்துவிட்டதாக அறிவித்து 2004இல் ராட்டர்டாம் விழாவில் காட்டினார். கஸாவெட்டிஸின் மனைவியும் நடிகையுமான ஜீனா ரோலண்ட்ஸ் அதை எதிர்த்தார். அதன்பின் பொதுத் திரையிடலுக்கு அது வரவில்லை.

எங்கள் கருத்து: படைப்பாளி தன் பெயரால் வெளியிட்ட வடிவமே படம். முந்தைய வடிவம் ஆய்வாளருக்கு மிக முக்கியம். அது அழியாமல் ஏதாவது ஒரு காப்பகத்தில் இருக்க வேண்டும். ஆனால் பார்க்காத வடிவத்தை ‘உண்மையான ஷேடோஸ்’ என்று புகழ்வது விமர்சனத்தில் சேராது.

கஸாவெட்டிஸின் ‘தி கில்லிங் ஆஃப் எ சைனீஸ் புக்கி’ விஷயம் எளிது. 1976இல் 135 நிமிடம், 1978இல் 108 நிமிடம். இரண்டும் அவர் செய்ததே, இரண்டும் கிடைக்கின்றன. பின்னதை வெறும் சுருக்கம் என்று எண்ண வேண்டாம். முன்னதில் இல்லாத காட்சிகளும் அதில் உண்டு. நீண்டதை முதலில் பாருங்கள்.

கேள்வி: எழுதத் தொடங்கியிருக்கிறேன். ‘அற்புதமான படம், எல்லோரும் பார்க்க வேண்டும்’ என்பதைத் தாண்டி எழுத்து நகரமாட்டேன் என்கிறது. என்ன செய்வது?

படத்தை இரண்டு முறை பாருங்கள். முதல் முறை பேனாவைத் தொடாதீர்கள். முடிந்ததும் பத்து நிமிடத்துக்குள், மனத்தில் நிற்கும் மூன்று இடங்களை மட்டும் குறித்துவையுங்கள். இரண்டாம் முறை கையில் நேரக் குறிப்போடு பாருங்கள்: எந்த நிமிடத்தில் எந்தக் காட்சி, ஷாட் எத்தனை விநாடி, யார் சட்டகத்துக்குள், யார் வெளியே, பின்னணியில் என்ன ஓசை. நீங்கள் குறித்துவைத்த மூன்று இடங்களில் ஒன்றாவது இப்போது வேறு மாதிரி இருக்கும். நினைவு காட்சியைத் திருத்திவிடும். அச்சில் வரும் பிழைகளில் பெரும்பகுதி இப்படி வருபவை.

பிறகு அந்த மூன்றில் ஒன்றை எடுத்து, பெயரடை இல்லாமல் 150 சொற்களில் எழுதுங்கள். ‘அழகாக’, ‘உருக்கமாக’, ‘யதார்த்தமாக’ எதுவும் வேண்டாம். யார் எங்கே நிற்கிறார், யார் முதலில் பார்வையை விலக்குகிறார், கேமரா அப்போது என்ன செய்கிறது என்பது மட்டும் போதும். இந்தப் பத்தி நன்றாக வந்தால் கட்டுரை நின்றுவிடும். வராவிட்டால், அந்தக் காட்சி உங்களை ஏன் பிடித்தது என்று உங்களுக்கே இன்னும் தெரியவில்லை, மறுபடி பாருங்கள்.

800 சொல் கட்டுரை என்றால் கதைச்சுருக்கம் 100 சொல்லைத் தாண்டக் கூடாது. ஒன்றிரண்டு காட்சிகளுக்கு 350 கொடுங்கள். படம் எப்படித் தொலைந்தது, எப்படி மீண்டது, எந்தப் பிரதி என்பதற்கு 150. மீதி உங்கள் மதிப்பீடு, அதில் படத்தின் குறைகளும் சேர வேண்டும். புதிதாக எழுதுகிறவர்கள் கதைக்கு 500 செலவிட்டுவிட்டு, கடைசியில் புகழ்ச்சியைக் கொட்டுகிறார்கள். யாருக்கும் தெரியாத படம் என்பதால் கதையைச் சொன்னால்தான் புரியும் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் கதை எந்தப் படத்துக்கும் எழுதக்கூடியது. அந்தப் படத்துக்கு மட்டுமே உரியது காட்சி.

இன்னொன்றையும் கவனியுங்கள். சின்ன பட்ஜெட்டைப் பாராட்டாகச் சொல்லாதீர்கள். ‘பத்தாயிரம் டாலரில் இவ்வளவா!’ என்பது தட்டிக்கொடுக்கும் குரல். அந்தப் பணம் படத்தை எப்படி மாற்றியது என்று சொன்னால் அது விமர்சனம். 16 மி.மீ. கேமராவில் 400 அடி ரீல் 11 நிமிடம் ஓடும். 100 அடி ரீல் மூன்று நிமிடம்கூட வராது. ஃபிலிமுக்குக் காசில்லாதவர் எத்தனை டேக் எடுக்கலாம், நடிகர்களோடு எவ்வளவு முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும், ஒரே ஷாட்டில் எவ்வளவு துணியலாம் என்பதெல்லாம் அந்த அடிக்கணக்கிலிருந்து பிறப்பவை.

கேள்வி: இந்தப் படங்களை ‘ஆவணப்படம் போல இருக்கிறது’, ‘நடிகர்கள் அந்த நேரத்தில் தோன்றியதைப் பேசுகிறார்கள்’ என்று பாராட்டலாமா?

சரிபார்க்காமல் கூடாது. ‘ஷேடோஸ்’ படத்தின் இறுதியில், பார்த்தது ஒத்திகையற்ற முயற்சி என்று பொருள்பட ஓர் அறிவிப்பு வரும். அந்த ஒரு வரி கஸாவெட்டிஸின் எல்லாப் படங்கள் மீதும் ஒட்டிக்கொண்டது. ஆனால் ‘ஃபேசஸ்’ (1968) முழுக்க எழுதப்பட்ட திரைக்கதை. மூன்று ஆஸ்கர் பரிந்துரைகளில் ஒன்று திரைக்கதைக்கே கிடைத்தது. ‘கில்லர் ஆஃப் ஷீப்’ படத்தையும் தெருவில் கேமராவை வைத்து எடுத்ததுபோல் எழுதுகிறார்கள். பர்னெட் அதைத் திட்டமிட்டு எழுதி, சட்டகம் சட்டகமாக வரைந்து வைத்து எடுத்தவர். எழுத்தும் திட்டமும் கண்ணுக்குத் தெரியாமல் போகும் அளவுக்கு உழைத்தவருக்கு, ‘சும்மா எடுத்தது’ என்று பட்டம் கொடுப்பது அநியாயம். அதிலும் கறுப்பினத்தவரும் பெண்களும் எடுத்த படங்களின் மீதுதான் ‘இயல்பு’, ‘அப்படியே வாழ்க்கை’ என்ற சொற்கள் அதிகம் விழுகின்றன. கைத்திறன் என்ற சொல் அவர்களுக்கு வந்து சேர நீண்ட காலம் ஆயிற்று.

கேள்வி: படம் ரோஸ் நிறமாகத் தெரிகிறது, ஒலி மங்கலாக இருக்கிறது, ஒவ்வொரு தளத்திலும் நீளம் ஒவ்வொரு மாதிரி. எது இயக்குநரின் நோக்கம், எது பிரதியின் கோளாறு என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ரோஸ் நிறம் ஏறக்குறைய எப்போதும் கோளாறுதான். 1980களின் தொடக்கம் வரை பயன்பட்ட வண்ணப் பிரதி ஃபிலிம்களில் சாயங்கள் நிலைக்கவில்லை. நீலப்பச்சைச் சாயம் முதலில் வெளிறும், சிவப்பு எஞ்சும். முகமும் வானமும் நிழலும் ஒரே செம்மையில் இருந்தால் அது சாயம் போனது. ஒரு காட்சி மட்டும் சிவந்து, அடுத்த காட்சியில் பச்சை நன்றாகத் தெரிந்தால் அது இயக்குநர் செய்தது. வெளிறிய பிரதியைப் பார்த்துவிட்டு ‘கனவுபோன்ற வண்ணம்’ என்று எழுதினால், ஒளிப்பதிவாளர் செய்யாத வேலைக்கு அவரைப் பாராட்டியதாகிவிடும்.

16 மி.மீ. ஃபிலிமின் ஓரத்தில் ஒலி பதிந்திருக்கும் ஒளித்தடத்தின் வீச்சே குறைவு. ஃபிலிம் நிமிடத்துக்கு 36 அடிதான் ஓடும், 35 மி.மீ. 90 அடி ஓடும். வேகம் குறைவானதால் உயர்ந்த ஓசைகள் பதியாது. ‘ச’, ‘ஸ’ போன்ற ஒலிகள் மழுங்கும். படம் முழுக்க ஒரே மாதிரி மங்கல் என்றால் காரணம் தடம். ஒரு அறையில் மட்டும் எதிரொலி என்றால் அது படப்பிடிப்பு இடம். வாய் ஒரு பக்கம் பேச்சு ஒரு பக்கம் என்று படம் போகப்போக இடைவெளி கூடினால், பெரும்பாலும் பிரதியெடுத்தபோது நேர்ந்த பிழை.

நீளத்துக்கு முதலில் ஒரு கணக்குப் போடுங்கள். ஐரோப்பிய வீடியோ முறையில் விநாடிக்கு 24 சட்டகப் படத்தை 25இல் ஓட்டுவார்கள். 100 நிமிடப் படம் 96 ஆகிவிடும். குரலும் சற்றே உயரும். வித்தியாசம் நான்கு சதவீதம் என்றால் வெட்டு எதுவும் இல்லை. அதைவிடக் கூடுதல் என்றால்தான் வேறு வடிவமா என்று தேட வேண்டும். பர்னெட்டின் ‘மை பிரதர்ஸ் வெட்டிங்’ (1983) நல்ல உதாரணம்: 115 நிமிடத்தில் இருந்ததை அவரே 2007இல் 81 நிமிடமாகத் தொகுத்தார். 34 நிமிட இடைவெளி எந்த வேகக் கணக்கிலும் வராது.

சட்டக விகிதத்தையும் பாருங்கள். சாதாரண 16 மி.மீ. ஏறக்குறைய சதுரம், 1.33. அகலத் தொலைக்காட்சிக்காக மேலும் கீழும் வெட்டியிருந்தால் நெற்றியும் கைகளும் காணாமல் போகும். 35 மி.மீ.க்குப் பெரிதாக்கி வெளியிட்ட படங்களில் இயக்குநரே அகலச் சட்டகத்தை மனத்தில் வைத்து எடுத்திருக்கவும் கூடும். தலைப்பு எழுத்துகள் விளிம்பில் முட்டுகின்றனவா என்று பார்த்தால் ஓரளவு பிடிபடும்.

ஃபிலிம் பெட்டியைத் திறந்ததும் காடி நெடி அடித்தால், அது ஃபிலிமின் அடிப்படையான அசிட்டேட் பிளாஸ்டிக் சிதையத் தொடங்கியதன் அடையாளம். வெளிவரும் அமிலமே சிதைவை மேலும் வேகப்படுத்தும். காந்த ஒலித்தடம் உள்ள சுருள்களில் இரும்புத் துகள் காரணமாக இது இன்னும் விரைவு. அந்தப் பெட்டியை மற்றவற்றிலிருந்து பிரித்து, குளிர்ந்த உலர்ந்த இடத்தில் வைத்து, உடனே காப்பகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். புரொஜெக்டரில் மட்டும் ஏற்றவே கூடாது. சுருங்கிய ஃபிலிமின் துளைகள் பல்லில் பொருந்தாமல் கிழியும்.

கேள்வி: பதிப்புரிமை இல்லாவிட்டால் யார் வேண்டுமானாலும் வெளியிடலாமே. படங்களுக்கு அது நல்லதுதானே?

பரவலுக்கு நல்லது, தரத்துக்குக் கேடு. ஜார்ஜ் ரொமேரோவின் ‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’ (1968) படத்துக்குக் கடைசி நேரத்தில் தலைப்பு மாறியபோது, புதிய தலைப்பு அட்டையில் பதிப்புரிமைக் குறிப்பு விடுபட்டது. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி அது பொதுச்சொத்தாகிவிட்டது. எல்லோரும் எல்லாவிதமாகவும் பிரதியெடுத்தார்கள். புகழ் உலகெங்கும் போனது, பணம் எடுத்தவர்களுக்கு வரவில்லை. பல ஆண்டுகள் மக்கள் பார்த்தது பிரதியின் பிரதியை. மூல நெகட்டிவிலிருந்து ஒழுங்கான மீட்டமைப்பு 2016இல்தான் வந்தது. யாருக்கும் சொந்தமில்லாத படத்தைச் சீராக்க யாரும் பணம் போடமாட்டார்கள் என்பதே இதில் உள்ள சிக்கல்.

கேள்வி: ‘மறைந்து கிடந்த மாணிக்கம்’, ‘தலைசிறந்த காவியம்’ என்று பலமாக எழுதினால்தானே மக்கள் திரும்பிப் பார்ப்பார்கள்?

ஒருமுறை பார்ப்பார்கள். பிறகு உங்களை நம்பமாட்டார்கள். ‘வாண்டா’ மெதுவாக நகரும் படம். நாயகி பெரும்பகுதி நேரம் எந்த முடிவும் எடுப்பதில்லை. ‘காவியம்’ என்று கேட்டு வருகிறவர் இருபது நிமிடத்தில் எழுந்துவிடுவார். பென்சில்வேனியாவின் நிலக்கரிப் பகுதியில், கணவரையும் குழந்தைகளையும் விட்டுக்கொடுத்துவிட்டு, கிடைத்த துணையோடு அலையும் ஒரு பெண்ணை, அவளுக்காகப் பரிந்து பேசாமலும் அவளைக் கண்டிக்காமலும் பார்க்கும் படம் என்று சொல்லுங்கள். அதைப் பார்க்க விரும்புகிறவர் வருவார், கடைசிவரை இருப்பார். இந்தப் படங்களுக்குத் தேவை அந்த ஆள்.

‘தி எக்ஸைல்ஸ்’ (1961) அப்படித்தான் மீண்டது. லாஸ் ஏஞ்சல்ஸின் பங்கர் ஹில் பகுதியில் வாழ்ந்த பூர்வகுடி இளைஞர்களின் ஓர் இரவைக் காட்டும் கென்ட் மெக்கென்ஸியின் படம். இயக்குநர் தாம் ஆண்டர்சன், லாஸ் ஏஞ்சல்ஸ் திரையில் தெரிந்த விதம் பற்றி 2003இல் எடுத்த கட்டுரைப்படத்தில் இதிலிருந்து சில துண்டுகளைக் காட்டினார். இடிக்கப்பட்டுப்போன அந்தக் குன்றையும் அதன் தெருக்களையும் திரையில் கண்டவர்கள் முழுப்படம் எங்கே என்று கேட்டார்கள். 2008இல் மீட்டமைத்த பிரதி அரங்குக்கு வந்தது.

கேள்வி: எங்கிருந்து தொடங்குவது?

‘கில்லர் ஆஃப் ஷீப்’, அடுத்து ‘வாண்டா’. இரண்டுக்கும் இடையே ஒரு நாளாவது விடுங்கள். பிறகு சிரிப்புக்கு ‘தி பிளாட் அகைன்ஸ்ட் ஹாரி’. பேச்சும் அறிவும் நிறைந்த தாம்பத்தியக் கதைக்கு ‘லூசிங் கிரவுண்ட்’. கெல்லி ரைகார்டின் ‘ரிவர் ஆஃப் கிராஸ்’ (1994) பார்த்துவிட்டு அவருடைய ‘ஓல்ட் ஜாய்’ (2006) பாருங்கள். இரண்டு முழுநீளப் படங்களுக்கும் நடுவே 12 ஆண்டுகள். அந்த இடைவெளி எத்தனை படங்களை விழுங்கியிருக்கும் என்று எண்ணும்போதுதான் இந்த வேலையின் அவசரம் புரிகிறது. கஸாவெட்டிஸைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். அவருக்கு இன்று வக்கீல் தேவையில்லை.

கேள்வி: தேசியத் திரைப்படப் பதிவேட்டில் ஒரு படத்தைச் சேர்க்கப் பொதுமக்கள் சொல்ல முடியுமா?

முடியும். 1989 முதல் ஆண்டுக்கு 25 படங்கள் சேர்க்கப்படுகின்றன. படம் வெளிவந்து குறைந்தது பத்து ஆண்டு ஆகியிருக்க வேண்டும். ஒருவர் ஓர் ஆண்டில் 50 படங்கள் வரை பரிந்துரைக்கலாம். இறுதி முடிவு காங்கிரஸ் நூலகருடையது. ஏற்கெனவே பதிவேட்டில் உள்ளதா என்று முதலில் பாருங்கள். ‘வாண்டா’ 2017இலும் ‘லூசிங் கிரவுண்ட்’ 2020இலும் சேர்ந்துவிட்டன. 50 இடங்களையும் நிரப்ப முனையாமல், மூன்று நான்கு படங்களைத் தேர்ந்து, தலைப்பையும் ஆண்டையும் பிழையின்றிக் கொடுங்கள். ஒரே தலைப்பில் பல படங்கள் உண்டு என்பதால் ஆண்டு தவறினால் பரிந்துரை வேறொரு படத்தின் கணக்கில் போய்விடலாம்.